பேயின் பக்கம் பேசியவர்

பேய் வரும் நேரமானதும் கதைக்காரம்மா இரண்டு கைகளையும் கூப்பி, “வாங்க தாயி, உள்ள வாங்க” என்பார். வீட்டு வாசலில் விருந்தாளி வந்து நின்றால் எப்படிச் சொல்வோமோ அப்படி. மணலில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் பக்கத்தில் இருப்பவளின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொள்வோம்.

அப்போது படங்கள் பேசாது. கானாடுகாத்தானுக்கும் கொத்தமங்கலத்துக்கும் நடுவில் இருந்த பொட்டலில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். திரையில் உருவங்கள் வாயை அசைக்கும், நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்து போகும். யாராவது பக்கத்தில் நின்று தமிழில் சொன்னால்தான் கதை விளங்கும். ஆண்கள் பக்கத்துக்கு அப்படி ஒருவர் இருந்தார். பெண்களுக்கென்று நடுவில் படுதா கட்டி இடம் ஒதுக்கியிருந்தும் எங்கள் வீடுகளிலிருந்து யாரும் போகவில்லை. கொட்டகை முதலாளி யோசித்தார். மதுரைப் பக்கமிருந்து ஒரு பெண்மணியைக் கூட்டிவந்து எங்கள் பக்கம் நிறுத்தினார். பொம்பளைதான் கதை சொல்கிறாள் என்று தெரிந்ததும் மாமியார்களின் மனம் இளகியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூண்டுவண்டிகள் வரிசையாகக் கிளம்பின.

அவருடைய பெயரை நான் கேட்கவேயில்லை. எல்லோருக்கும் அவர் கதைக்காரம்மாதான். நல்ல உயரம், நல்ல கறுப்பு. குரல் கரகரப்பாக இருக்கும். எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். கையில் மூங்கில் குச்சி இருக்கும். ஆண்கள் பக்கத்துக்காரர் தன் குச்சியால் திரையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். இவர் திரையைத் தொடவே மாட்டார். குச்சியைக் காற்றில் லேசாக அசைப்பதோடு சரி.

அந்தப் படத்தின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் தேசத்துப் படம். மலைமேல் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் இரண்டாந்தாரமாக ஒருத்தியைக் கட்டிக் கூட்டிவருகிறார். செத்துப்போன முதல் மனைவி வீட்டை விட்டுப் போகாமல் இருக்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் எடுத்திருந்த விதம் இருக்கிறதே! கதவுகள் கோணிக்கொண்டு நிற்கும். சுவர்கள் நம்மேல் சாய்ந்து வரும். மாடிப்படியில் முதலில் ஏறி வருவது அவளுடைய நிழல்தான். விரல்கள் ஓலைக்கீற்றுபோல நீண்டு சுவரில் ஊர்ந்து போகும். அப்புறம்தான் முகம். மெழுகுவத்தியை மோவாய்க்குக் கீழே பிடித்திருப்பாள். வெளிச்சம் கீழேயிருந்து அடிப்பதால் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் தெரியும். தோட்டத்துக்கு அவள் வரும்போது வானம் கறுப்பாகவும் மரங்கள் வெள்ளையாகவும் மாறிவிடும். பகலா ராத்திரியா என்று தெரியாது. நாம் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்பதும் தெரியாது.

படுதாவுக்கு அந்தப் பக்கம், “அதோ! அதோ வருகிறது ரத்தவெறி பிடித்த பிசாசு!” என்று இடி முழங்கும். அதே நேரத்தில் இந்தப் பக்கம் கதைக்காரம்மா, “பாத்து ஏறுங்க தாயி, படி வழுக்கும்” என்பார். ஒரே நிழல்தான். அங்கே ஆண்கள் நடுங்குவார்கள். இங்கே நாங்கள் அவள் தடுக்கி விழுந்துவிடப் போகிறாளே என்று தவிப்போம்.

எந்தக் காட்சியாக இருந்தாலும் கதைக்காரம்மா பேயின் பக்கம்தான். இதை எங்களுக்காகச் சொல்கிறாரா, அவருக்கே அப்படித்தான் தெரிகிறதா என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

“நிழலு முன்னாடி வருதுன்னு பயப்படுறீக. நேருக்கு நேர் வர அவுகளுக்குக் கூச்சம். நிழலை அனுப்பிப் பாக்குறாக, ஒருத்தராச்சும் வான்னு சொல்றாகளான்னு” என்பார்.

அவளுடைய உருவத்தின் ஊடாகப் பின்னால் இருக்கும் நாற்காலியும் ஜன்னலும் தெரியும். அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. “இந்த வீட்டுல அவுகளை யாரும் முழுசா ஏறிட்டுப் பாத்ததில்ல. அதான் பாதியாத் தெரியிறாக.”

கடைசியில் திரையின் நான்கு மூலையிலிருந்தும் இருட்டு சூழ்ந்து வந்து, ஒரு வட்டமாகச் சுருங்கி, வட்டத்துக்குள் அவள் முகம் மட்டும் மிஞ்சும். அதுவும் புள்ளியாகி அணைந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கதைக்காரம்மா எதுவும் சொல்ல மாட்டார். குச்சியைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் ஒரு பெண்குழந்தை நிழலைப் பார்த்து வீறிட்டு அழுதது. தாய் வாயைப் பொத்தப் பார்த்தாள். கதைக்காரம்மா கதையை நிறுத்திவிட்டுக் குனிந்து, “அழுவாதடா கண்ணு. அவுகளும் உன்னய மாதிரி இருட்டுக்குப் பயந்தவுகதான். அதான் மெழுகுவத்தியைக் கீழ வைக்க மாட்டேங்கிறாக” என்றார். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தது. அப்புறம் படம் முடிகிற வரைக்கும், “வத்தி அணைஞ்சிருமா? அணைஞ்சிருமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. பயமுறுத்தத்தானே பேய்ப்படம் என்று சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் கதைக்காரம்மா, “ஐயோ பேய் வருது, எல்லாரும் பயப்படுங்க” என்று ஒப்புக்குச் சொன்னார். பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. முன்வரிசையிலிருந்து ஒரு பெரிய ஆச்சி எழுந்து, “என்னத்தா இது, அந்தப் புள்ளையை இப்படிப் பேசுற? ஒழுங்காச் சொல்லு” என்று அதட்டினார். முதலாளி அதோடு விட்டுவிட்டார். சனம் வரும் வரைக்கும் அவருக்கு எல்லாம் சரிதான்.

சனம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடுகளும் அந்த மலைமேல் வீடு மாதிரிதான். முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்காது. தேக்குத் தூண்கள், ஆள் உயரக் கண்ணாடிகள், பூட்டியே கிடக்கும் அறைகள். ஆண்கள் தொழிலுக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனால் திரும்பிவர வருஷங்கள் ஆகும்; பெண்களைக் கூட்டிப்போகும் வழக்கமில்லை. அந்த வீட்டில் ஒருத்தி விளக்கை ஏந்திக்கொண்டு, வழவழவென்று சுண்ணாம்பு பூசிய சுவரோரம் தன் நிழலோடு நடந்து போவாள். எனக்கும் அப்போது கல்யாணமாகி, வீட்டுக்காரர் ரங்கூனில் இருந்தார். கதைக்காரம்மா சொல்லக் கேட்ட பிறகு, சாயங்காலம் விளக்கைக் கையில் எடுத்தால் எனக்கு முன்னால் போகும் நிழலைப் பார்த்து, ‘பாத்துப் போ’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் வீடு ஊர்க்கோடியில். கொட்டகை எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்தது. அதனால் பகலில் மோர் வாங்க அவர் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார். மாமியார் கண்ணயரும் நேரம். வண்ணக்கண்ணாடி வழியே வெயில் சிவப்பும் பச்சையுமாகத் தரையில் விழுந்து, மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். நாங்கள் அந்த நிறங்களை மிதிக்காமல் ஓரமாக உட்கார்ந்து பேசுவோம். கல்யாணமான பெண் சின்னவளானாலும் எங்கள் பக்கத்தில் ஆச்சிதான்; அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார்.

அப்படி ஒருநாள்தான், உருவத்துக்குள் வீடு தெரிவது எப்படி என்று கேட்டேன்.

“ஒரே பிலிமுல ரெண்டு தடவ புடிப்பாகளாம், ஆபரேட்டரு சொன்னாரு. மொதல்ல காலி வீட்டைப் புடிச்சிக்கிறது. அப்புறம் அதுமேலயே அவுகளை நடக்க விட்டுப் புடிக்கிறது. ரெண்டும் ஒண்ணாத் தெரியும்.” கிராம்பைக் கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: “காலி வீட்டைத்தான் மொதல்ல புடிக்கிறாக, பாத்தீகளா ஆச்சி?”

தன்னைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. நாடகக் கம்பெனியில் இருந்தாராம். உயரத்தையும் நிறத்தையும் பார்த்து அரக்கி வேஷம் தவிர வேறு எதுவும் கொடுக்க மாட்டார்களாம். ராஜகுமாரியின் பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரியுமாம். “வேஷத்தைக் கலைச்சிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாலும் பிள்ளைக அழுகும், ஆச்சி. மொத மொத கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு” என்று சிரித்தார். மோரில் உப்புப் போதவில்லை என்பதுபோலச் சொன்னார்.

எதிர்வீட்டு மீனாட்சியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதும் அந்த நேரத்தில்தான்.

மீனாட்சி எதிர்வீட்டின் இளைய மருமகள். என் வயசுதான். மானகிரியில் பிறந்தவள். அவளுடைய கணவன் பர்மாவில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்தபோது அவள் பேசாமல் அழுதுகொண்டிருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி நியாயம் கேட்கப்போவதாக மாமியார் முகத்துக்கு நேரே சொன்னாள். அதற்குப் பிறகு அவளை யாரும் வெளியே பார்க்கவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டு வேலைக்காரர்களிடம் சொன்னார்கள். பிறந்த வீட்டுக்கோ, அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது, பார்க்க வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் மாடியில் துணி உலர்த்தப் போகும்போது எனக்கு அவளுடைய ஜன்னல் தெரியும். சில நாள் கம்பிக்கு நடுவே ஒரு கை தெரியும். அசையாது.

“யாருட்டயும் சொன்னீகளா?” என்று கதைக்காரம்மா கேட்டார்.

“மாமியாகிட்டச் சொன்னேன் அக்கா. அடுத்த வீட்டு விஷயம், வாயைத் தொறக்காதேன்னு சொல்லிட்டாக. மானகிரிக்கு ஆள் அனுப்பவும் எனக்கு வழியில்ல. யாரை நம்பி அனுப்புறது?”

“ஜன்னல்ல நின்னு ஏதாச்சும் சொல்லுவாகளா?”

“என்னைக்காச்சும் முகம் தெரியும், வாய் அசையும். ஒண்ணும் கேக்காது.”

அவர் மோர்ச்சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, “அவுக சனம் யாரும் இங்குட்டு வர மாட்டாகளா?” என்று கேட்டார்.

கோயில் திருவிழாவுக்கு மீனாட்சியின் அண்ணன் மனைவி எங்கள் ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு வரப்போகிறார் என்று எனக்குத் தெரியும். திருவிழாவுக்கு வரும் பெண்கள் கொட்டகைக்கு வராமல் போவதில்லை. அதைச் சொன்னேன். அந்த அம்மாளின் அடையாளம் கேட்டார். பச்சைக்கல் மூக்குத்தி, இடது கன்னத்தில் மச்சம் என்றேன்.

திருவிழா அன்று கொட்டகையில் நல்ல கூட்டம். நான் உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன். மானகிரி அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் நான்கு தலை தள்ளி எதிர்வீட்டு மாமியார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கண்டதும் நான் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கதைக்காரம்மா வழக்கம்போல் தன் இடத்தில் நின்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நிழல் படியேறியது. மரங்கள் வெளுத்தன. எல்லாம் எப்போதும்போலத்தான் சொன்னார். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. முதல் மனைவி மாடி ஜன்னலுக்குப் பின்னால் வந்து நிற்பாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்திருப்பாள். வெளிச்சம் கீழேயிருந்து அடிக்கும். அவள் வாய் அசையும். இங்கிலீஷ் எழுத்து எதுவும் வராது. அந்த இடத்தில் கதைக்காரம்மா, “தண்ணி கேக்குறாக” என்றுதான் எப்போதும் சொல்வார்.

அன்று அவர் சொன்னது வேறு. குரல்கூட அவருடையதாக இல்லை. கரகரப்பு எங்கோ போயிருந்தது.

“அண்ணமிண்டி, எனக்கு அம்மை போடல.”

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்.

“அம்மையும் இல்ல, பேயும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். மாடியறையில பூட்டி வச்சிருக்காக. மானகிரியில அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வராம இருப்பாகளா?”

திரையில் உள்ளங்கைகள் கண்ணாடியில் மெதுவாக நகர்ந்தன. படுதாவுக்கு அந்தப் பக்கத்து முழக்கமும் நின்றுபோயிருந்தது.

மானகிரி அம்மாள் எழுந்து நின்றார். கதைக்காரம்மாவை அவர் பார்க்கவில்லை. திரையில் இருப்பவளைப் பார்த்துக் கேட்டார்:

“எந்த வீட்டு மாடியில தாயி?”

“உங்களுக்குத் தெரியாத வீடா, அண்ணமிண்டி?”

எதிர்வீட்டு மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் பலகைபோல் விறைத்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆட்களை விலக்கிவிட்டு வண்டிக்குப் போனார். அத்தனை தலைகளும் அவர் போகிற பக்கமே திரும்பின. படத்தை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் மானகிரி வண்டி எதிர்வீட்டு வாசலில் நின்றது. மீனாட்சியின் அண்ணன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். நான் மாடியில் இருந்தேன். உள்ளே சத்தம் கேட்டது. எங்கள் மாமியார்கூட என்னைக் கீழே வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. தானும் படியேறி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைசியில் மீனாட்சி வந்தாள். அத்தனை நீள வீட்டையும் தாண்டி, நிலைவாசல் ஒவ்வொன்றாகக் கடந்து, அண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலை சடை பிடித்திருந்தது. வாசலுக்கு வந்ததும் வெயில் பொறுக்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மனைவி தன் முந்தானையை எடுத்து அவள் தலைமேல் போட்டார்.

“என்ன வேணும், சொல்லுத்தா” என்றார் அண்ணன்.

“பசிக்குது” என்றாள் மீனாட்சி.

அவளுக்கு ஒன்றுமில்லை. மானகிரியில் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். உடம்பு தேறி, சடையை வெட்டிய தலையில் மயிர் வளர்ந்து, கல்யாண வீடுகளுக்கு வரத் தொடங்கினாள். என்னைக் கண்டால் பேச்சுக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொள்வாள். ஊர்ப் பெரியவர்கள் கூடி அவளுடைய சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள்.

ஆனால் மீனாட்சி வெளியே வந்த அன்றே அதே பெரியவர்கள்தான் கொட்டகை முதலாளியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். குடும்ப விஷயத்தைக் கொட்டகையில் பேசினால் நாளைக்கு எந்த வீட்டுக்கு மரியாதை இருக்கும் என்று கேட்டார்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று மதியமே கதைக்காரம்மாவுக்கு வேலை போயிற்று.

போகும்போது பின்வாசலுக்கு வந்தார். கையில் ஒரு துணிமூட்டை இருந்தது.

“என்னாலதானே அக்கா இப்படி ஆச்சு” என்றேன்.

“நீங்க என்ன பண்ணுனீக? நான்தான் என்ன பண்ணுனேன்?” குரல் பழையபடி கரகரத்தது. கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. “பேய்தானே பேசுச்சு.”

நான் சிரித்தேன், அழுதேன். இரண்டும் ஒன்றாக வந்தது.

“இனிமே எங்கக்கா போவீக?”

“எங்க போனாலும் ஒரு கொட்டகை இருக்கும், ஆச்சி. அதுல ஒரு பேய் இருக்கும். அது பேசத் தெரியாம நிக்கும்.” சொம்பில் மோர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். காரைக்குடிப் பக்கம் போகும் வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். நெடிய உருவம் வண்டியில் கொஞ்சம் குனிந்தே உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயிலில் புழுதி எழும்பி, வண்டி பாதி தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

கொட்டகையில் அந்தப் படம் இன்னும் சில நாள் ஓடியது. எங்கள் பக்கத்தில் யாரும் கதை சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்துக்காரரின் முழக்கம் மட்டும் படுதாவைத் தாண்டி வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவரைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு ஒரு தகவலும் இல்லை.

மறுவருஷம் என் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வந்தார். நல்லவர்தான். என்னோடு பேசிய வார்த்தைகள் குறைவு என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சில மாதம் இருந்தார். திரும்பக் கப்பலேற நாள் பார்த்தாகிவிட்டது. ஒரு காலை நேரத்தில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் பரிமாறிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்று போகவில்லை.

“இந்தத் தடவ நானும் வாரேன்.”

அவர் முதலில் தன் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம்தான் என்னை அண்ணாந்து பார்த்தார்.

“யாரு, நீயா பேசுனது?”

“நான்தான்.”

“யாருடி சொல்லிக் குடுத்தா உனக்கு?” என்று மாமியார் எழப் பார்த்தார்.

“யாரும் சொல்லிக் குடுக்கல, அயித்தை. நானேதான் கேக்குறேன்.” என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. “நீங்க அங்குட்டும் நான் இங்குட்டுமா எத்தன வருஷம் இருக்கிறது? என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

அவர் என்னை முழுசாகப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நிமிர்ந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலையில் பாதி இட்லி அப்படியே இருந்தது.

“கடல் ஒத்துக்குமா உனக்கு?” என்றார்.

“போய்ப் பாத்தாத் தெரியும்” என்றேன்.